கிழித்த முதல் தாள்

மூன்று மாதம் என்று மதுரை டாக்டர் சொன்னதும் கஸ்பாருக்கு முதலில் நினைவுக்கு வந்தது தோட்டத்துக் கவாத்துதான். கொடியை வெட்டிவிட்டால் நூற்றிருபதாம் நாள் பழம் இறக்கலாம். பொங்கலுக்கு முன்னால் வெட்டினால் சித்திரைக் கடைசியில் பழம். அதைப் பார்க்க சிசிலியா இருக்கமாட்டாள். பெண்டாட்டியின் ஆயுசைத் திராட்சைக் கொடியில் வைத்து அளக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் நாற்பது வருஷமாக அவர் காலத்தை அப்படித்தான் அளந்துவந்தார். மகன் ஸ்டீபன்ராஜ் பிறந்தது பழம் இறக்கிய வாரம். மகள் ஐரினுக்குப் பேசி முடித்தது கவாத்துக்கு மறுநாள்.

அது இரண்டாயிரத்து இரண்டு டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது.

டாக்டர் அறைக்கு வெளியே மகன் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான். "அப்பா, அம்மாகிட்ட ஒன்னும் சொல்ல வேணாம். குடல்ல புண்ணுன்னு சொல்லிக்கிருவோம். தெரிஞ்சா அந்த நெனப்புலயே படுத்துரும்."

"கேட்டாள்னா?"

"கேட்டா என்னப்பா, புண்ணுதேன். நீங்க இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னா ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிரும். போயி கழுவிட்டு வாங்க."

கஸ்பார் கழுவிக்கொண்டு வந்தார். சிசிலியா நடையோரத்து பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம்?"

"புண்ணாம். காரம் சேக்கக் கூடாதாம்."

"அம்புட்டுத்தானா? அதுக்கா ரெண்டு பேரும் அரை மணி நேரம் உள்ள இருந்தீங்க?"

"அந்த டாக்டர் பேச ஆரம்பிச்சா விடமாட்டேங்கிறாரு."

அவள் அவரையே பார்த்தாள். "மூஞ்சி எதுக்குக் கழுவுனீங்க?"

"வேர்வை."

"மார்கழி மாசத்துலயா?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் ஊர் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள் அவள். அந்த ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்த முக்கால்வாசிப் பேருக்கு 'அ' போடக் கைபிடித்தவள். சனிக்கிழமை தவறாமல் திண்டுக்கல் போய் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வருவாள். ரிட்டயர் ஆனபிறகு கண்ணில் புரை விழுந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்த சமயத்தில்தான் இந்த வயிற்று வலி வந்தது. கஸ்பார் ஐந்தாவதோடு நின்றவர். கோவில் அறிவிப்புப் பலகையைப் படிப்பதற்கே எழுத்து எழுத்தாக நின்று வருவார். அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கேலிக்கு ஆரம்பித்தது, பிறகு அதுவே பேராகிவிட்டது.

பொங்கலுக்கு முந்தின வாரம் கவாத்து நடந்தது. மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. சடையாண்டியும் இன்னும் நான்கு பேரும் காலையிலேயே கத்தரியோடு பந்தலுக்குள் நுழைந்துவிட்டார்கள். கழுத்தை அண்ணாந்தபடியே வெட்டவேண்டிய வேலை. பத்து மணிக்குள் பிடரி வலியெடுத்துவிடும். வெட்டின கொடியும் இலையும் தலையிலும் தோளிலும் விழுந்து உள்ளே இருப்பவர்களை மூடும். மதியத்துக்குள் பாதிப் பந்தல் மொட்டையாகி, வெறும் கம்பியும் கல்தூணுமாகி, மூன்று வருஷமாக மழை பார்க்காத வானம் நேராக உள்ளே இறங்கியது.

சடையாண்டி ஒரு வெட்டு முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். "அண்ணே, இங்கிட்டு வந்து பாருங்க. சொட்டக் காணோம்."

எந்த வருஷமும் கவாத்து வெட்டின முனையிலிருந்து நீர் சொட்டும். கீழே நிற்பவன் சட்டை நனையும். கொடி அழுகிறது என்பார்கள்.

"அடியில ஈரம் இல்ல," என்றார் கஸ்பார். "போர்ல கால் மணி நேரந்தேன் ஓடுது."

"லாரித் தண்ணி வாங்கியாவது ஊத்திருங்கண்ணே. இல்லைன்னா துளிர்க்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "டீச்சருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"புண்ணுதேன். ஆறிரும்."

"எங்க சின்னம்மாவுக்கும் இப்படித்தேன் புண்ணுன்னு…" என்று ஆரம்பித்த சடையாண்டி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனான்.

தை பிறந்ததும் சிசிலியா பாதி நாள் கட்டிலில் இருக்க ஆரம்பித்தாள். முற்றத்து வேம்பின் கீழ் நைலான் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். ரெட்டியார்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த ஐரின் ஞாயிற்றுக்கிழமை தோறும் தூக்குவாளியில் ஏதாவது கொண்டுவந்தாள். கருவாட்டுக் குழம்பு என்றால் முன்பு வாசனைக்கே தட்டோடு உட்காருகிற சிசிலியா, இப்போது குழைந்த கஞ்சியும் பருப்புத் துவையலும் போதும் என்றாள். அதிலும் நாலு வாய்.

"தொட்டுக்க வெஞ்சனம் எதுவும் வேணாமாம்மா?"

"உங்க அப்பாவுக்கு வையி. அவருதேன் சீக்காளி மாதிரி மெலிஞ்சு போயிட்டாரு."

ஒருநாள் அவர் மாத்திரை வாங்கத் திண்டுக்கல் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "என்னங்க, அப்படியே லைப்ரரிக்குப் போயி கிதர் பாய்கிட்ட ஒரு நாவல் வாங்கிட்டு வாங்க. மோர் விக்கிற கிழவி கதைன்னு சொல்லுங்க. பேரு கிழிஞ்சு போயிருக்கும். அவருக்குத் தெரியும்."

"நீ படிச்சதா?"

"இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

"உனக்குத்தேன் கண்ணு தெரியலையே. எப்படிப் படிப்ப?"

"நீங்க வாசிங்க. இம்புட்டு நாளும் நான் உங்களுக்குப் படிச்ச கதையைச் சொன்னேன்ல. இப்ப நீங்க சொல்லுங்க."

"நான் வாசிச்சா வருசம் ஆகுமே டீச்சர்."

"ஆகட்டும்," என்றாள்.

நூலகர் கிதர் முகம்மது அந்தப் புத்தகத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "இதையா கேட்டாங்க? டீச்சரா?" என்றார். பிறகு உள்ளே போய் எடுத்து வந்தார். தடித்த அட்டை போட்டு மறுபடி தைத்த புத்தகம். முகப்பும் ஆசிரியர் பெயர் இருந்த பக்கமும் எப்போதோ போய்விட்டன. "துவா செய்றேன்னு சொல்லுங்கண்ணே," என்று தேதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பஸ் நிற்கும் இடத்தில் கஸ்பார் அட்டையைப் பிரித்தார். முதல் தாள் அச்சில்லாத வெறுந்தாள். அதில் படித்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பேனாவில் தங்கள் கருத்தை எழுதி வைத்திருந்தார்கள். நூலகப் புத்தகங்களில் அது ஒரு வழக்கம். 'சுமார்.' 'அருமை.' 'தூக்கம் வராதவர்கள் படிக்கவும்.' அதற்குக் கீழே கட்டை எழுத்தில்: 'கடைசியில் கிழவி செத்துப்போவாள். யாரும் படிக்காதீர்கள்.'

அதற்கும் கீழே இன்னும் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்குப் பொறுமை இல்லை, பஸ்ஸும் வந்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஆனால் அவள் ஆசையாகக் கேட்டது. வேறு கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டிவிடக் கூடாதே என்று தாளை அடியோடு கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் புறவாசலில் வெந்நீர் அடுப்பை மூட்டினார். கவாத்தில் வெட்டின கொடிகளைக் கட்டுக் கட்டாக அங்கேதான் அடுக்கியிருந்தார். அந்தத் தாளைப் பற்றவைத்து அடியில் செருகினார். காய்ந்த கொடி சடசடவென்று பிடித்துக்கொண்டது. அந்த வெந்நீரில்தான் அன்றைக்கு அவளைக் குளிப்பாட்டினார்.

தினமும் வெயில் தாழ்ந்ததும் வாசிப்பு. அவர் வரிக்கு வரி விரலை வைத்து நகர்த்துவார்.

"'கி-ழ-வி மோர்ப் பா-னையை இறக்-கி வைத்-து-விட்டுக் கி-ழவ-னை முறை-த்தாள்.' என்ன டீச்சர் இது, நாலு பக்கம் ஆச்சு. ரெண்டு கெழடும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. எழுதுனவனுக்கு வேற சோலி இல்லையா?"

"நம்ம வீட்டுல நடக்காததையா எழுதிட்டாரு? வாசிங்க."

"அந்தக் கெழவன் ஒரு கிறுக்கன். மாட்ட வித்துப்புட்டுக் கயித்த மட்டும் வீட்டுல கொண்டாந்து மாட்டி வச்சிருக்கான்."

"உங்க அப்பா செத்தப்புறம் அவரு மம்பட்டியை ரெண்டு வருசம் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தது யாரு?"

கஸ்பார் சிரித்துவிட்டார். அவளும் சிரித்து, சிரித்ததில் வயிறு வலித்து, கையை அழுத்திக்கொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "புதுசாக் கல்யாணம் ஆனவுக கணக்கா என்னத்தச் சிரிக்கிறீங்க?" என்றாள்.

இரண்டு மூன்று வாரம் அந்த நாவலோடு நன்றாகப் போனது. மழைக்கு ஒழுகும் வீட்டில் கிழவன் கிழவியின் தலைக்கு மேலே சுளகைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நிற்கிற இடம் வந்தது. அதை வாசித்து முடித்தபோது கஸ்பாருக்கு மூச்சு வாங்கியது.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்கூலுக்கு ஒரு கூடை பழம் கொண்டாந்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் சிசிலியா.

"பிள்ளைகளுக்குன்னு கொண்டாந்தேன்."

"பிள்ளைகளுக்கா கொண்டாந்தீங்க? வேட்டியைத் தேய்ச்சுக் கட்டிக்கிட்டு! பிள்ளைக எல்லாம் வாயில வச்சுட்டுக் காறித் துப்புச்சுக. அம்புட்டுப் புளிப்பு."

"முதப் பழம் அப்படித்தேன் இருக்கும்."

"நான் துப்பலையே," என்றாள்.

தோட்டத்திலும் ஒரு மாதிரித் துளிர் வந்திருந்தது. வாரத்துக்கு இரண்டு லாரித் தண்ணீர். ஒவ்வொரு கொடிக்கும் வாளியால் ஊற்றிவிட்டு வந்துதான் புத்தகத்தை எடுப்பார். இப்படியே நூற்றிருபது நாளையும் தள்ளிவிடலாம் போல, டாக்டர் சொன்னது பொய்யாகிவிடும் போல அவருக்கு ஒரு நப்பாசை வந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கிழவி படுத்துவிட்டாள். கஸ்பார் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தவர், அடுத்த வரியை முன்கூட்டியே பார்த்துவிட்டார். 'நான் போகப்போறேன்னு உனக்குத் தெரியும்.' விரல் நின்றது. சிசிலியா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் முகம் எதையோ கேட்கத் தயாராக இருந்தது. அது அப்போது அவருக்குப் புரியவில்லை.

"'கிழவி எழுந்து உட்கார்ந்தாள்,'" என்றார் அவர். "'வைத்தியர் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது. மறுநாளே மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனாள். கிழவன் சந்தோஷப்பட்டான்.'"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அம்புட்டு சீக்கிரமா எந்திரிச்சிட்டாளா?"

"நல்ல மருந்து போல."

"என்ன மருந்துன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடல."

வேப்பம்பூ ஒன்று அவள் போர்வையில் விழுந்தது. அதை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டே சொன்னாள். "ஒன்னாப்புல ஒரு பய இருந்தான். அவன் அக்கா வீட்டுல வாசிக்கிறதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பூரா மனப்பாடம். புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுக் கடகடன்னு வாசிப்பான். இன்ஸ்பெக்டரே அசந்து போயிட்டாரு. எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டுற பிள்ளைக தடுக்கும். தடுக்காமப் போனா அது எழுத்தைப் பாக்கலைன்னு அர்த்தம்."

"அடிச்சியா?"

"அடிக்கலை. பாவமா இருந்துச்சு. தெரியலைன்னு சொல்ல அவனுக்கு அம்புட்டுப் பயம்."

"திருட்டுப் பய," என்று கஸ்பார் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "போதும். புஸ்தகத்தை மூடி வைங்க," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவர் எடுத்தபோது, "கிழவிதான் எந்திரிச்சிட்டாளே. அப்புறம் என்ன இருக்கு?" என்றாள். அவர் அதை ஒரு விடுதலையாக நினைத்துப் புத்தகத்தை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

மார்ச்சில் விபூதிப் புதன் வந்தது. காலைப் பூசையில் சாமியார் ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பல் பூசி, மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அறுபது வருஷமாகக் கேட்டு வந்த வாக்கியம். அன்றைக்கு அது கஸ்பாரின் நெற்றியில் சுட்டது. பூசை முடிந்ததும் உபதேசியாரைத் தனியே பிடித்தார். நடமாட முடியாதவர்களுக்குச் சாம்பலை வீட்டுக்கே எடுத்துப்போகிறவர் அவர்.

"எங்க வீட்டுக்கு வரவேணாம். டீச்சர் தூங்கிக்கிட்டு இருக்கா."

"எந்திரிச்சப்புறம் வாரேனே."

"வேணாங்க. வந்தா பயந்துருவா."

கோவில் குழாயில் தன் நெற்றியைத் தேய்த்துக் கழுவினார். வீட்டுக்குள் நுழைந்ததும் சிசிலியா கூப்பிட்டாள். "கிட்ட வாங்க." அவர் குனிந்தார். கண் சரியாகத் தெரியாததால் கட்டை விரலால் அவர் நெற்றியைத் தடவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

"கோவிலுக்குப் போகலையா?"

"போனேன். வேர்வையில அழிஞ்சிருச்சு."

"உங்களுக்கு நெனச்ச நேரமெல்லாம் வேர்க்குது," என்றாள். பிறகு, "எனக்கும் கொண்டாரச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"நீ என்ன படுத்தா கெடக்குற? ஈஸ்டருக்கு நீயே நடந்து போவ."

அதற்குப் பிறகு பத்து நாளில் அவள் முகம் ஒடுங்கி, மஞ்சளாகி, குரல் மட்டும் பழைய டீச்சர் குரலாக நின்றது. ஒருநாள் அந்தக் குரலில் கேட்டாள்: "சாமியார ஒருநாள் வரச் சொல்லுங்களேன். பாவசங்கீர்த்தனம் பண்ணி நாளாச்சு."

"நீ என்ன பாவம் பண்ணுன?"

"உங்களைக் கட்டிக்கிட்டேனே. அதைச் சொல்ல வேணாமா?"

"தவக்காலத்துல சாமி ஊர் ஊரா அலையிறாரு. குருத்து ஞாயிறு முடியட்டும், கூட்டிட்டு வாரேன்."

அன்றைக்குச் சாயங்காலமே கஸ்பார் சாமியார் வீட்டு வாசல் வரைக்கும் போனார். அந்தத் தெருவில் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எல்லாருக்கும் தெரியும். அவஸ்தை கொடுக்க, சாகக் கிடப்பவருக்குக் கடைசி எண்ணெய் பூச வந்திருக்கிறார். பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து முழங்கால் போடுவார்கள். அந்த வெள்ளை அங்கி முற்றத்தில் தெரிகிற நிமிஷம் சிசிலியாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். மூன்று மாதமாக அவர் கட்டிக்காத்த புண் அன்றோடு உடைந்துவிடும். கேட்டைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை வந்த ஐரின், "அவஸ்தை குடுத்துருவோம்ப்பா. பூசி எழுந்து நடந்தவுக எல்லாம் இருக்காக," என்று அழுதாள்.

"உன் அண்ணன் சொன்னது மறந்து போச்சா? தெரிஞ்சா அன்னைக்கே போயிருவா."

"தெரியாமலா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"தெரியாது," என்றார் கஸ்பார். "நான் ஒரு வார்த்தை விடல."

அதற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை. காலையில் அவளுக்குக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினார். இரண்டு கரண்டி இறங்கியது. வாயைத் துடைத்துவிட்டு எழப்போனவரின் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஒன்னு கேட்டா சொல்லுவீங்களா?"

"கேளு."

"தடுக்கித் தடுக்கிச் சொன்னாலும் பரவால்ல. நெசத்தைச் சொல்லணும்."

அந்த நேரம் தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. தோட்டத்துக்கு வழி காட்ட ஆள் வேண்டும். போகாவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவான். பூப் பிடித்துப் பிஞ்சு விட்டிருந்த சமயம்.

"தண்ணி வண்டி வந்துருச்சு," என்றார். "போயி ஊத்திட்டு வந்து சொல்றேன். இந்தா வந்துட்டேன்."

அவள் கையை விட்டாள்.

சிவனம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் போனார். சடையாண்டியும் அவரும் வாளி வாளியாக ஒவ்வொரு தூருக்கும் ஊற்றினார்கள். லாரி காலியானபிறகும் அவர் கிளம்பவில்லை. அடைபடாத வரப்பை மம்பட்டியால் தட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். புண் ஆறி வருகிறது, மாத்திரையை மாற்றச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு பதிலைக் கட்டி முடித்தபோது சிவனம்மாளின் மகன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவருவது தெரிந்தது.

"உங்களைத்தேன் கேட்டாக," என்றாள் கட்டிலருகே நின்ற சிவனம்மாள். "வந்துருவாருன்னு சொன்னேன். பூராக் கொடிக்கும் தண்ணி பாஞ்சிருச்சான்னு கேட்டாக. அப்புறம் கேக்கல."

சாமியார் வந்து ஜெபித்தார். ஐரின் அவர் காலைப் பிடித்து, எண்ணெய் பூசிவிடுங்கள் சாமி என்று கதறினாள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அம்மா அது, என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஐரின் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை கல்லறையில் மண் போடும்வரை அவர் மேலேயே இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மே முதல் வாரம் பழம் இறக்கினார்கள். கொத்து சிறுத்து, பழம் சுண்டைக்காய் பருமன்தான். வாயில் வைத்த சடையாண்டி ஒரு கண்ணை மூடினான். "இனிப்பு இறங்கலண்ணே. தண்ணி போதலை."

அன்று மாதா படத்தைத் துடைக்கும்போது பின்னால் இருந்து புத்தகம் விழுந்தது. கஸ்பார் அதை எடுத்துக்கொண்டு வேம்படியில் அந்த நைலான் கட்டிலில் உட்கார்ந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். விரலை வைத்து, சத்தமாக, தடுக்கித் தடுக்கி வாசித்தார்.

'நான் போகப்போறேன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பயமா இருக்கு. பக்கத்துல உக்காரு,' என்றாள் கிழவி. கிழவன் உட்கார்ந்தான். 'எனக்கும் பயமா இருக்கு,' என்றான்.

அதற்குப் பிறகு பதினாறு பக்கம் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாட்டைப் பற்றி, செத்துப்போன முதல் பிள்ளையைப் பற்றி, அவன் ஒருமுறை கைநீட்டி அடித்தது பற்றி, யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பது பற்றி. சும்மாதான் பேசினார்கள். கிழவி கடைசியில் செத்தது அரை வரிதான். அந்தப் பதினாறு பக்கத்தையும் அவர் வாயால், அவர் குரலில் கேட்கத்தான் அவள் இந்தப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறாள். அவரால் சொந்தமாகச் சொல்ல வராது என்று தெரிந்து, எழுதி வைத்த வார்த்தையையே கையில் கொடுத்திருக்கிறாள். மனப்பாடம் பண்ணின பயலைப் பற்றி அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருட்டுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஒரு பையில் பழம் போட்டு எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். கிதர் முகம்மது எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தை வாங்கி, பழக்க தோஷத்தில் அட்டையைப் பிரித்தவர் நிமிர்ந்தார்.

"முதல் தாள் எங்கண்ணே?"

"நான்தான் கிழிச்சேன் பாய். கெழவி செத்துருவான்னு எவனோ எழுதியிருந்தான். அவ காதுல விழுந்துறக் கூடாதுன்னு…"

"எங்க வச்சிருக்கீங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

கிதர் முகம்மது நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணே, அதுல டீச்சர் எழுதுனதும் இருந்துச்சே."

கஸ்பாருக்குப் புரியவில்லை. "அவ இதைப் படிச்சதில்லையே."

"ரெண்டு தடவை எடுத்திருக்காங்க. தொண்ணூத்தி நாலோ, அஞ்சோ. புஸ்தகத்துல எழுதக் கூடாது, பிள்ளைகளுக்கு நானே சொல்லிட்டு நானே எழுதிட்டேன், மன்னிச்சிருங்க பாய்னு என்கிட்ட வந்து காட்டுனாங்க. அடியில, சின்ன எழுத்துல, ரெண்டு வரி."

"என்ன எழுதியிருந்தா?"

"'இந்தக் கிழவனைப் போல'ன்னு ஆரம்பிக்கும்…" கிதர் முகம்மது கண்ணை மூடினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பேப்பர் படிக்கிற ஒருவர் இருமினார். "இந்தக் கிழவனைப் போல… அதுக்கு மேல வரலண்ணே."

"யோசிச்சுப் பாருங்க பாய். எனக்கும் ஒருத்தர் இருக்காருன்னா? இல்ல, எனக்கு யாரும் இல்லைன்னா? எது?"

"எட்டு வருசம் ஆச்சேண்ணே."

"ரெண்டுல ஒன்னு சொல்லுங்க."

கிதர் முகம்மது புத்தகத்தை மூடினார். "உங்க மனசுக்கு ஆறுதலா ஒன்னைச் சொல்லிரலாம்," என்றார். "பொய்யாப் போயிரும்ணே. டீச்சர் விசயத்துல நான் எப்படிப் பொய் சொல்ல?"

கஸ்பார் தலையாட்டினார். பழப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயிலில் வெறுங்காடாகக் கிடந்த நிலம் இரண்டு பக்கமும் ஓடியது. அவர் விரல் முன்சீட்டுக் கம்பியின் மேல் தானாக நகர்ந்தது. இந்-தக் கி-ழ-வ-னைப் போ-ல. மறுபடி முதலிலிருந்து. இந்-தக் கி-ழ-வ-னைப் போ-ல. கம்பி முடிகிற இடத்தில் விரல் நின்றது. அதற்கு மேல் எழுத்து இல்லை.